மிதவை இல்லாத பார்

அன்று அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூத்தவர், அவர் மனைவி, அவருடைய தம்பியான சின்னவன், தங்கை, தங்கையின் கணவரான மாப்பிள்ளை, அடுத்த படகுக்காரரான முனகல். இவ்வளவுதான். சன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் தன் காதால் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. அந்தச் சன்னலுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு பூனை நிற்கலாம், ஆள் நிற்க முடியாது.

மூத்தவர் என்பது வீட்டில் மட்டும் அல்ல, துறைமுகம் முழுக்க அவருக்கு இருந்த பெயர். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை. ‘செய்யலாம்’ என்று அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால், நிச்சயந்தானா என்று யாரும் மறுபடி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று பார்த்தால் இரண்டு படகுகள், ஒரு வீடு, அப்புறம் இந்த வாய்ச்சொல்.

முனகல் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. கடல் அமைதியாக இருந்தால் மீன் வராது என்பார், கொந்தளித்தால் படகு போகாது என்பார். அதனால் வந்த பெயர். ஆனாலும் மூத்தவர் வீட்டு மேசையில் அவருக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.

சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“மச்சான், ஒரு விஷயம் கேக்கணும்.”

“இவ்வளவு நேரம் கேக்காம சாப்பிட்டதே பெருசு,” என்றான் சின்னவன். “உள்ள வரும்போதே முகத்துல எழுதியிருந்துச்சு. அத்தான் இன்னைக்கு சொந்தமா வரல, கம்பெனி அனுப்பி வந்திருக்காரு.”

“நீ கொஞ்சம் வாய மூடுடா,” என்றாள் தங்கை.

மாப்பிள்ளை முன்பு துறைமுக அலுவலகத்தில் வானொலிக் கருவியில் பேசும் வேலையில் இருந்தவர். கடலில் காற்றாலை நடப்போகும் கம்பெனி வந்ததும் அவரை எடுத்துக்கொண்டது. மீனவர் தொடர்பாளர் என்று ஒரு பதவி. கம்பெனி சொல்வதைப் படகுகளுக்குச் சொல்ல வேண்டும், படகுகள் திட்டுவதைக் கம்பெனிக்கு நாகரிகமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க முடியாத வேலை. அவர் முயன்றுகொண்டிருந்தார்.

காற்றாலைகள் வரப்போவது கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில். அதைப் பற்றிச் சின்னப் படகுகளுக்குக் கவலை இல்லை. ஆனால் அங்கே உண்டாகும் மின்சாரம் கரைக்கு வர வேண்டும். அதற்குக் கடலடியில் ஆள் தொடைப் பருமனில் கேபிள்கள் போட வேண்டும். எந்த வழியாகப் போடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் கடலடி முழுவதையும் படம் பிடிக்க வேண்டும். படம் பிடிக்கிற ஆய்வுக் கப்பல் ஒலிக்கருவியை நீளமான கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டு, வயலில் உழுவதுபோல் போய்ப் போய்த் திரும்பும். குறுக்கே ஒரு கயிறு இருந்தாலும் சிக்கிக்கொள்ளும்.

“அதனால மூணு வாரத்துக்குப் பார்ல இருக்கற கூண்டையெல்லாம் எடுத்து வச்சுக்கணும் மச்சான். அவங்க போனதும் திரும்பப் போட்டுக்கலாம்.”

பார் என்பது கரையிலிருந்து சிறிது நேர ஓட்டத்தில், கடலடியில் பாறை முதுகு காட்டும் இடம். அந்த இடுக்குகளில்தான் சிங்கி இறாலும் நண்டும் குடியிருக்கும். அந்தத் துறையின் படகுகள் எல்லாம் கூண்டுப் படகுகள்; கூண்டைக் கடலடியில் இறக்கி, கயிற்றின் மேல்முனையில் அடையாளத்துக்கு ஒரு மிதவை கட்டி விடுவார்கள். மணலில் கூண்டு இறக்கினால் காலியாகத்தான் ஏறும். ஆழத்துக்குப் போகலாம் என்றால் படகு தாங்காது. பார் இருந்தால் துறை உண்டு.

“மூணு வாரமா?” என்றார் முனகல். “என் கூண்டு மூணு வாரம் கரையில உக்காந்து காத்து வாங்குமா? காத்து அவங்களுக்குத்தானே வேணும், எனக்கெதுக்கு?”

மூத்தவர் சிரிக்கவில்லை. “பாருக்கு எதுக்கு வர்றாங்க?” என்று கேட்டார்.

“எல்லா எடத்தையும் பிடிப்பாங்க மச்சான். மூணு வழி பாத்து வச்சிருக்காங்க. வடக்க மணல், நடுவுல பார், தெக்க கப்பலுங்க நங்கூரம் போடற எடம். இப்போதைக்கு வடக்கு வழியத்தான் வரைஞ்சு வச்சிருக்காங்க. மணல்ல புதைக்கறது சுலபம். பாறையக் குடைய யாருக்கு ஆசை?”

“அப்போ பார்ல கை வைக்க மாட்டாங்க.”

“எனக்குத் தெரிஞ்சவரைக்கும் மாட்டாங்க.”

அந்த வாக்கியத்தின் முன்பாதி மூத்தவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் தங்கையின் கணவர் சாப்பாட்டு மேசையில் சொன்னதை வக்கீல்போலப் பிரித்துப் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

“அதை எழுதி வாங்கிக்கலாமே,” என்றாள் அவர் மனைவி, மேசையைத் துடைத்துக்கொண்டே.

“யார்கிட்ட? மாப்பிள்ளைகிட்டயா? நல்லா இருக்கு.”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் தன் கணவரை நம்பிய சந்தோஷத்தில்தான்.

“வடக்குத் துறைக்காரங்க எடுக்க முடியாதுன்னு நேராவே சொல்லிட்டாங்களாம்,” என்றான் சின்னவன். “கப்பல் வேணும்னா சுத்திப் போகட்டும்னு.”

“அது அவங்க மரியாதை. நம்ம மரியாதை வேற.” மூத்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். “சரி மாப்ளே. எடுத்துடலாம். படகுக்காரங்ககிட்ட நானே சொல்றேன்.”

*

அவர் சொன்னார். மாப்பிள்ளை சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். மூத்தவர் படகு படகாகப் போய் நின்று, “கூண்ட எடுத்து வச்சுக்குங்க. மூணு வாரம். பாருக்கு ஒண்ணும் வராது, நான் சொல்றேன்,” என்றார். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. முனகல்கூட வாய்க்குள்ளேதான் முனகினார்.

சில நாட்களில் படகுத்துறை அடையாளம் தெரியாமல் போயிற்று. கூண்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக ஏறின. பாசி காய்ந்து வெயிலில் நாறியது. மிதவைகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். நடந்து போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன, தொழிலையே மூட்ட கட்டிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் மூத்தவர் சின்னவனைக் கூட்டிக்கொண்டு பார் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். யாராவது மறந்து விட்டிருக்கலாம். யாரும் மறந்திருக்கவில்லை. திரும்பும்போது தெற்கு ஓரத்தில் ஒரே ஒரு மிதவை, பச்சைப் பாசி பிடித்து, பாதி மூழ்கிக் கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ கைவிட்ட கூண்டு. யாருடையது என்று சொல்ல நிறம்கூட மிஞ்சவில்லை.

“இது அனாதை அண்ணே. கெடக்கட்டும், விடுங்க.”

“ஒண்ணுகூட இருக்கக் கூடாது. சொல்லியிருக்கோம்ல?”

இருவரும் சேர்ந்து அதை இழுத்துப் படகில் போட்டார்கள். மூத்தவரின் உள்ளங்கை கயிற்றில் கிழிந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வுக் கப்பல் வெள்ளையாக இருந்தது. மூன்று வாரமும் பாரின் மேல் சீராகப் போய்த் திரும்பியது. வடக்கே வந்தபோது மட்டும் அதற்குத் தொல்லை. அந்தத் துறைக்காரர்கள் மணலில் விரித்திருந்த வலைகளின் மிதவைகள் தண்ணீர் தெரியாமல் கிடந்தன. கப்பல் வளைந்து நெளிந்து, பல இடங்களை விட்டுவிட்டுப் போனது. வேலை முடிந்த அன்று அது துறையின் எதிரே நின்று நீளமாக ஒருமுறை ஊதியது.

“இவ்வளவு சுத்தமான கடல எங்கயும் பாத்ததில்லன்னு கேப்டன் சொன்னாராம் மச்சான்,” என்று மாப்பிள்ளை வந்து சொன்னார்.

மூத்தவர் தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

*

அடுத்த ஆண்டு கம்பெனி ஒரு கூட்டம் போட்டது. நகரசபையின் விளையாட்டுக் கூடத்தில், தரையில் பந்தாட்டக் கோடுகளின் மேல் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. திட்ட மேலாளராக இருந்த பெண் நடுத்தர வயதுக்காரர், அமைதியாகப் பேசுகிறவர். வடக்குத் துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். மூத்தவரின் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை மேடையின் ஓரத்தில் கம்பெனிக்காரர்களோடு இருந்தார். தங்கை அவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் கடலின் வரைபடம் வந்தது. மீன்பிடிப்பு அதிகமாக இருக்கும் இடம் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், இல்லையென்றால் வெள்ளை. வடக்கு மணல் காயம்போலச் சிவந்திருந்தது. பார் பால்போல வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு கரைக்கு வந்தது.

“உங்க தொழிலுக்குத் தொந்தரவு வரக் கூடாதுங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்,” என்றார் மேலாளர். “அதனால மீன்பிடிப்பே இல்லாத வழியா பாத்து எடுத்திருக்கோம்.”

முனகல் சிரித்தார். அவர் சிரித்து அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை.

“மீன்பிடிப்பே இல்லையாமே! மூத்தவரே, இத்தன வருஷமா நாம அங்க என்ன பண்ணிட்டிருந்தோம்? குளிச்சிட்டிருந்தோமா?”

மேலாளர் கோபப்படவில்லை. விளக்கினார். மீன்பிடிப்பை இரண்டு விதமாகத் தெரிந்துகொள்வார்களாம். பெரிய படகுகளில் இருக்கும் கருவி, தான் இருக்கும் இடத்தை வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது ஒன்று. சின்னப் படகுகளில் அந்தக் கருவி கிடையாது. அதற்காக ஆய்வுக் கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் நின்று, கண்ணில் படும் ஒவ்வொரு மிதவையையும் குறித்துக்கொள்வார். வடக்கே குறிக்கக் குறிக்கத் தீரவில்லை.

“இந்தப் பகுதியில மூணு வாரத்துல ஒரு மிதவைகூட இல்லைங்க,” என்றார் அவர்.

மூத்தவர் எழுந்தார்.

“அம்மா, அது நாங்க எடுத்து வச்சதால இல்லாம இருந்துச்சு. உங்க கப்பல் கேட்டுத்தான் எடுத்தோம்.”

மேலாளர் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மேடையின் ஓரத்திலிருந்து எழுந்தார்.

“ஆமாங்க மேடம். நான்தான் கேட்டேன். அப்பவே தகவலும் அனுப்பியிருந்தேன்.”

அனுப்பியிருந்தார், உண்மைதான். அது கப்பலை வாடகைக்கு எடுக்கும் பிரிவுக்குப் போயிற்று. வழியில் தடை இல்லை, கப்பல் புறப்படலாம் என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அறிக்கை எழுதியவர்கள் வேறு ஊரில் இருந்த வேறு நிறுவனத்தார். அவர்களுக்குக் கிடைத்தது கப்பலின் எண்ணிக்கை மட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

“உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிறோம் ஐயா,” என்று ஒரு பெண் வந்து, பேரையும் தொழிலையும் ஒலிவாங்கியில் சொல்லச் சொன்னாள். மூத்தவர் சொன்னார். தன் தொழிலை ஒருவருக்குச் சொல்ல வேண்டிவந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

கூடத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் முனகல் காத்திருந்தார்.

“நல்லா துடைச்சுக் குடுத்தீங்க மூத்தவரே. தட்டு பளபளன்னு இருந்துச்சு. அவங்க பரிமாறிக்கிட்டாங்க.”

சின்னவன் அவர் சட்டையைப் பிடிக்கப் போனான். மூத்தவர் தம்பியின் கையை எடுத்துவிட்டார். வடக்குத் துறைக்காரர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் விழுந்த மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

*

மூத்தவர் விடவில்லை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி, கண்ணாடிச் சுவர்கள், மேசையின்மேல் பொம்மைபோல ஒரு சின்னக் காற்றாலை. மின்விசிறிக் காற்றில் அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலாளர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

“நீங்க சொன்னது சரி ஐயா. நான் விசாரிச்சேன்.”

“அப்போ மாத்துங்க.”

ஏன் மாற்ற முடியாது என்று அவர் சொன்னார். அரசு அனுமதி இந்த வழிக்கென்று கிடைத்திருக்கிறது. வழியை மாற்றினால் அனுமதி செல்லாது. மறுபடி கப்பல் வர வேண்டும். பறவைகளை ஒரு பருவம், மீன்குஞ்சுகளை ஒரு பருவம் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் கரையில் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதற்கு ஒதுக்கிய இடம் வேறொரு கம்பெனிக்குப் போய்விடும். கேபிள் இந்த வழியின் நீளத்துக்கே ஆலையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதைப் போடும் கப்பல்கள் உலகத்தில் கொஞ்சம்தான், இந்தத் தேதியை விட்டால் எப்போது வருமோ.

“நான் எனக்கு மேல கேட்டேன். அவங்க அவங்களுக்கு மேல கேட்டாங்க. மேல போகப் போக உங்க பார் சின்னதாயிட்டே போகுது ஐயா. கடைசில இருக்கறவருக்கு அது ஒரு புள்ளி.”

“புள்ளியா?” என்றார் மூத்தவர்.

“அங்கதான் பிடிச்சீங்கங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? இருந்தா குறைஞ்சது பேசிப் பாக்கலாம்.”

மூத்தவரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏலக் கொட்டகையில் எடையைக் குறிப்பார்கள், இடத்தைக் குறிக்க மாட்டார்கள். குறிக்கச் சொன்னாலும் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பாரின் எந்த இடுக்கில் எது கிடைக்கும் என்பதைக் கூண்டுக்காரன் பக்கத்துப் படகுக்கு மட்டும் அல்ல, கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான். கேட்டால் கையை வடக்கே காட்டிவிட்டுத் தெற்கே போவான்.

“எடத்த வெளிய சொல்றவன் கூண்டுக்காரனே இல்லம்மா,” என்றார் மூத்தவர்.

“பக்கத்துத் துறைக்காரங்க யாராவது நீங்க அங்க பிடிச்சதப் பாத்திருப்பாங்க இல்லையா? அவங்க வந்து சொன்னா...”

“சொன்னா கேபிள் அவங்க பக்கம் போகும்.”

“ஆமா.”

“அவங்க கழுத்த நீட்டச் சொல்லி நான் போய்க் கேக்க மாட்டேன்.”

மேலாளர் சின்னக் காற்றாலையின் இறக்கையை விரலால் பிடித்து நிறுத்தினார். “சொல்லக் கூடாதுதான். நீங்களும் அன்னைக்கு வடக்குத் துறைக்காரங்க மாதிரி எடுக்காம இருந்திருந்தா...”

“சொன்ன சொல்லக் காப்பாத்தினதுக்குத் தண்டனைன்னு சொல்றீங்க.”

“தண்டனைன்னா யாராவது குடுக்கணும் ஐயா. இத யாருமே குடுக்கல. அதான் நானும் எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன்.”

அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று மூத்தவருக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் அந்த மூன்று மாடிப் படிகளையும் கொஞ்சம் கோபத்தோடாவது இறங்கியிருக்கலாம்.

*

தங்கை ஒரு நாள் காலையில் வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல. வேலைய விட்டுடறேன்னு சொல்றாரு.”

“விட வேணாம்னு சொல்லு.”

“வெளிய போனா ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. நேத்து கடையில எனக்குப் பின்னாடி நின்னவளுக்கு முதல்ல சாமான் குடுத்தான் கடைக்காரன். நான் என்ன பண்ணினேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல.”

“அவரு என்ன பண்ணினாரு?”

“அவரு கேட்டாரு. நான் சரின்னேன். ஊருக்குச் சொன்னது நான். பழி சொல்லணும்னா என் வீட்டு வாசல்ல வந்து சொல்லச் சொல்லு.”

“உங்க வாசலுக்கு வந்து யாருண்ணே சொல்லுவா? அதனாலதான் எங்க வாசலுக்கு வர்றாங்க.”

அவர் மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அன்றைக்கே எழுதி வாங்கச் சொன்னேனே என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளோடு சண்டையாவது போட்டிருப்பார்.

“வேலைய விட்டா அந்த எடத்துக்கு நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தன் வருவான்,” என்றார் மூத்தவர். “இருக்கச் சொல்லு. இங்க வந்து சாப்பிடச் சொல்லு.”

மாப்பிள்ளை வந்தார். சாப்பிட்டார். இருவரும் படகு எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள், கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். சின்னவன் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

*

கடைசியில் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. கேபிள் கப்பலுக்கு முன்னால் கல் அகற்றும் கப்பல் வரும். வீடு உயரத்துக்கு ஒரு இரும்புக் கலப்பையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போய், வழியில் கிடக்கும் பாறைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். அதற்குள் பாரில் இருக்கும் கூண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியது மாப்பிள்ளையின் வேலை. அவர் படகுத்துறையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். அவர் வாயைத் திறந்ததும் ஒருவர் எஞ்சினைக் கிளப்பினார். இன்னொருவர் வாளித் தண்ணீரை அவர் காலடியில் கொட்டி, “வழுக்கும், பாத்துப் போங்க தொடர்பாளரே,” என்றார். பனிக்கட்டிக் கொட்டகையில் எல்லோரும் கூடி, ஒரு கூண்டையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். “மிதவைய எண்ணினாங்க இல்ல? இப்ப வந்து எண்ணட்டும்,” என்று அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் சின்னவன்.

மாப்பிள்ளை மூத்தவர் வீட்டுக்கு வந்தார்.

“எடுக்கலன்னா கப்பல் நிக்குமா மாப்ளே?” என்று கேட்டார் மூத்தவர். அந்தக் கேள்வியில் ஓர் ஆசை இருந்தது. மாப்பிள்ளைக்கு அது புரிந்தது.

“நிக்காது மச்சான். முன்னாடி காவல் படகு போயி ஒலிபெருக்கில சொல்லும். அப்புறம் கலப்பை போகும். அதுக்குக் கூண்டும் கல்லும் ஒண்ணுதான்.”

“போன கூண்டுக்கு?”

“அறிவிப்பு குடுத்தாச்சுன்னு சொல்லுவாங்க. எதுவும் கேக்க முடியாது.”

“வடக்குத் துறையில மிதவையப் பாத்துச் சுத்திப் போச்சே கப்பல்.”

“அது படம் பிடிக்க வந்தது மச்சான். இது வேலை செய்ய வர்றது.”

மூத்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாரோடு சேர்த்துக் கூண்டும் போய்விட்டால், வேறு எங்கேயாவது போய்க் கையேந்தி ஓர் இடம் கேட்பதற்குக்கூட அந்தப் படகுகளிடம் ஒன்றும் இருக்காது. பிறகு எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். “நானும் வரட்டுமா?” என்றார் மாப்பிள்ளை. “வேணாம்,” என்றார் மூத்தவர்.

முதலில் தம்பியின் படகு.

“கூண்ட எடுடா.”

“அண்ணே, நீங்களா சொல்றீங்க? ஒரு தடவ துடைச்சுக் குடுத்தது பத்தலையா?”

“அன்னைக்குச் சொன்னது தப்பு. இன்னைக்குச் சொல்றது தப்பில்ல. எடு.”

“எடுத்தா அவங்க போட்ட கணக்கு சரின்னு ஆயிடும். இங்க ஒண்ணுமே இல்லன்னு மறுபடி எழுதுவாங்க.”

“எழுதட்டும். அவங்க எழுதறத நிறுத்த நம்மகிட்ட எதுவும் இல்லடா. கூண்டாவது இருக்கட்டும்.”

சின்னவன் கையிலிருந்த கயிற்றைத் தளத்தில் எறிந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, எறிந்ததை அவனே எடுத்துச் சுருட்டினான்.

அடுத்தது முனகலின் படகு. பிறகு மற்றப் படகுகள். சிலர் எழுந்து நின்று கேட்டார்கள். சிலர் உள்ளே இருந்துகொண்டே கேட்டார்கள். ஒருவர் கேபினை விட்டு வெளியே வரவேயில்லை. மூத்தவர் மூடிய கதவுக்கு முன்னால் நின்று, மற்றவர்களிடம் சொன்னதையே சொன்னார்:

“இந்தத் தடவை நான் வாக்குக் குடுக்க வரல. கப்பல் வருதுன்னு சொல்ல வந்தேன். நிக்காது. கூண்ட எடுத்துக்குங்க.”

முனகல் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

“எடுத்து எங்க போடறது மூத்தவரே?”

“தெரியல.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அந்தத் துறையில் யாரும் கேட்டதில்லை. முனகல் முனகவில்லை. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கலப்பை வந்தது. இரண்டு படகுகள் எடுக்கவில்லை. அவற்றின் மிதவைகள் சிறிது தூரம் கப்பலோடு சேர்ந்து போய், பிறகு தண்ணீருக்குள் இழுபட்டு மறைந்தன. மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். கப்பல் போன பிறகு பாரின் மேல் தண்ணீர் பல நாட்களுக்குச் சேறாகக் கலங்கிக் கிடந்தது. காற்றாலைகள் வேலை செய்கின்றன. மின்சாரம் வருகிறது. சில படகுகள் விற்கப்பட்டன. மிச்சம் இருப்பவை மணலில் கூண்டு இறக்குகின்றன.

கல் அகற்றும் கப்பல் வந்த காலையில், மூத்தவர் கம்பெனியின் காவல் படகில் ஏறி நின்று, ஒலிபெருக்கியில் சொந்த ஊர்ப் படகுகளைப் பாரிலிருந்து விரட்டினார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. ஒலிபெருக்கியில் பேசியது மாப்பிள்ளை. அது அவர் வேலை. மூத்தவர் தன் படகில் இருந்தார். அன்று பாரிலிருந்து முதலில் படகேறியவை அவருடைய கூண்டுகள்.